செதில் உரிந்த வின்செஸ்டர் 94: புது நீலம் ஏற்றலாமா, அப்படியே விடலாமா?

செம்மண்

வின்செஸ்டர் 94 சேடில் ரிங் கார்பைன் (சேணத்தில் மாட்ட இடப்பக்கம் வளையம் உள்ள, லீவரால் இயங்கும் குட்டைத் துப்பாக்கி) ஒன்று ஏலத்தில் கைக்கு வந்திருக்கிறது. 30-30 தோட்டாவுக்கானது. வரிசை எண் ஒன்பது லட்சத்துச் சொச்சம். பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927இல் அதிபர் கூலிட்ஜுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்பதால், அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

நிலவரம் இதுதான். ரிசீவரில் (லீவரும் போல்ட்டும் இயங்கும் உலோகக் கூடு) நீலம், அதாவது துருவைத் தடுக்க எஃகில் ஏற்றும் கருநீலப் படலம், ஏறக்குறையப் போய்விட்டது, சாம்பல் நிற எஃகுதான் தெரிகிறது. ஓரங்களில் மட்டும் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கிறது. குழல் பரவாயில்லை, நீலம் நன்றாகவே இருக்கிறது. பின்கட்டை, ரிசீவரோடு சேரும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. வலப்பக்கம் ஒரு பள்ளம். திருகாணித் தலைகளை யாரோ அளவு சேராத திருப்புளியால் குதறியிருக்கிறார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றி, வெந்நீலத் தொட்டியில் முக்கித் தருகிறேன் என்கிறார். ரிசீவரும் குழலும் ஒரே நிறத்தில் வந்தால் போதும் என்பதுதான் என் ஆசை. செய்யலாமா? என்னிடம் 1970களின் 94 ஒன்றும் மார்லின் 336 என்ற இன்னொரு லீவர் துப்பாக்கியும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

துருவேந்தன்

கொடுக்காதீர்கள். குறிப்பாக "சக்கரத்தில் பிடித்து" என்று சொல்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உங்கள் ரிசீவர் கெட்டுப்போகவில்லை. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலும் 1920களிலும் வந்த வின்செஸ்டர்களில் ரிசீவர் நீலம் செதில் செதிலாக உரிவது அவ்வளவு சாதாரணம். தேய்ந்து போவது வேறு, உரிவது வேறு. தேய்வு என்றால் கை படுகிற இடத்தில் மட்டும் நீலம் மெல்ல மெல்ல மங்கும். உரிவு என்றால் கை படாத தட்டையான பக்கத்தில்கூடக் கூரான விளிம்போடு திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருக்கும். அந்தச் சாம்பல் நிறமும் ஓரத்தில் மிஞ்சிய திட்டுகளும் தொழிற்சாலை விட்டுப் போன சாட்சி. சேகரிப்பவர்கள் தேடுவதே அதைத்தான்.

சக்கரம் என்ன செய்யும் தெரியுமா? எட்டுப்பட்டைக் குழல் என்றால் அதன் விளிம்புகளை மழுக்கும். திருகாணித் துளைகளின் வாயைக் கிண்ணமாகக் குழிக்கும். அச்செழுத்துகளின் ஓரத்தைத் தின்றுவிடும். நீலம் போனால் மறுபடி ஏற்றலாம். போன எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ரிசீவரின் மேற்புறத்திலும் அதற்கு அடுத்துக் குழலிலும் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ.பி. என்ற சோதனை முத்திரை இருக்க வேண்டும். 1905இலிருந்து போட்டார்கள். இரண்டின் விளிம்பும் ஒரே கூர்மையோடு இருக்கிறதா? இடப்பக்க வளையம் ஆடி ஆடி ரிசீவரில் பிறைவடிவத் தேய்வு விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் வெறும் எஃகு தெரிகிறதா, நீலம் தெரிகிறதா? குழலில் எங்காவது துருக்குழிகள் உண்டா, அவற்றின் அடியில் என்ன நிறம்? குழிக்குள் நீலம் இருந்தால், துருப்பிடித்த பிறகு யாரோ நீலம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் செய்யும் முன் லீவரைத் திறந்து, அறையையும் தோட்டாக் குழாயின் வாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். ஏலத்தில் வந்த துப்பாக்கி காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையே வேண்டாம்.

பளபளப்பு

ஐயா வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். 94 என்ன கிடைக்காத சரக்கா? எழுபது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஒருவர் தன் துப்பாக்கியைத் தனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் என்ன தப்பு? "அசல் நிலை, அசல் நிலை" என்று சொல்கிறவர்கள் பாதிப்பேர் நாளைக்கு விற்பதை நினைத்துச் சொல்கிறார்கள். விற்கப் போவதில்லை என்றால் யாருடைய மதிப்பைக் காப்பாற்றுவதற்காக அந்தச் சாம்பல் நிறம்?

நான் மூன்று மார்லின்களுக்கு வெந்நீலம் ஏற்றி வைத்திருக்கிறேன். மழையில் வேட்டைக்குப் போனாலும் துரு எட்டிப் பார்க்கவில்லை. வெறும் எஃகு மழையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துருவேந்தன்

மார்லின் 336ஐ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். 1948இலிருந்து வருகிற துப்பாக்கி, இன்னும் வேட்டைக்காரர்களின் கையில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கேள்வி அதைப் பற்றியதல்ல.

விற்பனையைப் பற்றியே பேசுவோம் என்றாலும் கணக்கு உங்கள் பக்கம் வராது. நன்றாகத் தேய்ந்த அசலுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. சுமாராகச் சக்கரத்தில் பிடித்துப் பளபளக்க வைத்ததற்கு அதைவிடக் குறைவு. முறையாக, அந்தக் காலத்துச் செய்முறையிலேயே மீட்டெடுத்ததற்கு நல்ல விலை உண்டுதான், ஆனால் சாதாரண 94க்கு அந்த வேலையின் கூலி பெரும்பாலும் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே மூன்று வழியில் நடுவழிதான் நஷ்டம், அந்தக் கடைக்காரர் காட்டுவது அதைத்தான்.

வெறும் எஃகு மழையில் துருப்பிடிக்கும், உண்மை. எண்ணெயும் மெழுகும் எதற்கு இருக்கின்றன?

செம்மண்

பார்த்துவிட்டேன். படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ரிசீவர் முத்திரையின் விளிம்பு நகத்தில் தட்டுப்படுகிறது. குழலில் உள்ள முத்திரை கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது. வளையத்தின் பிறைத்தேய்வுக்குள் வெறும் எஃகு. ஆனால் குழலின் நடுவில், பின்காட்சிக் குறிக்கு முன்னால், குண்டூசித் தலை அளவுக் குழிகள் நான்கைந்து இருக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவற்றின் அடி கருநீலம்.

அப்படியென்றால் நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்த குழல்தான் பூசப்பட்டது, போய்விட்டது என்று நினைத்த ரிசீவர்தான் அசலா?

துருவேந்தன்

அதேதான். முன்கட்டையைக் கழற்றி, மரம் மூடியிருந்த இடத்தையும், அதைக் குழலோடு பிணைக்கும் பட்டைகள் மூடியிருந்த இடத்தையும் பாருங்கள். அங்கே ஆழ்ந்த கறுப்பு இருந்து, அதன் எல்லையில் சாம்பல் கலந்த நீலம் கோடு போட்டது போல ஆரம்பித்தால், யாரோ புட்டியில் விற்கும் குளிர்நீலத்தைக் குழலைக் கழற்றாமலே தடவியிருக்கிறார்கள். செலினியம், தாமிர உப்புகள் கலந்த அந்தத் திரவம் நிமிடத்தில் எஃகைக் கறுக்க வைக்கும், ஆனால் படலம் மிக மெல்லியது. கை படப் படப் பழுப்பாகும். தேய்த்த விரலை முகர்ந்தால் ஒரு மாதிரியான வாடையும் வரும்.

மழைநாள்

நல்ல சமயத்தில் வந்தேன். இனி குழலைப் பற்றிப் பேசலாம், அது ஏற்கெனவே கைபட்டது.

செம்மண், குழலைத் தொடுவதாக இருந்தால் வெந்நீலத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கலந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் கொதிக்கும் தொட்டி அது. வின்செஸ்டர் அந்த முறைக்கு மாறியது 1930களின் கடைசியில்தான். 1920களின் குழலில் அந்தப் பளபளப்புக் கறுப்பு ஏறினால், பழகிய கண்ணுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும். அந்தக் காலத்துக் குழல்களுக்குப் பொருந்துவது துருநீலம்.

முறையைச் சொல்கிறேன். குளிர்நீலத்தைக் காடி தொட்ட துணியால் துடைத்து எடுக்கலாம். பிறகு கையாலேயே, குழலின் நீளவாட்டில், 320 எண் உப்புத்தாள் வரை போதும். எழுத்துகள் உள்ள இடத்தில் தாளே வேண்டாம், மென்மையான கம்பி பிரஷ் போதும். குழலின் இரு முனைகளையும் மர அடைப்பால் இறுக்கிவிடுங்கள், பிடிப்பதற்கும் அதுவே கைப்பிடி. எண்ணெய்ப்பசையை அசிட்டோனால் எடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொட்டால் விரல்ரேகை கடைசிவரை தெரியும்.

துருக்கரைசலைத் துணியில் நனைத்து, பிழிந்து, ஒரே வீச்சில் ஒரு தரம். திரும்பத் தடவக்கூடாது, தடவினால் தாமிர நிறக் கோடுகள் விழும். ஈரம் நிறைந்த பெட்டியில் சில மணி நேரம் தொங்க விட்டால் முழுக்க மெல்லிய காவிப் பஞ்சு படர்ந்திருக்கும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு புள்ளி போடும். கொதிக்கும் நீருக்குள் காவி கண்ணெதிரே கறுப்பாகும். வெளியே எடுத்தால் வெல்வெட்டுப் போல ஒளி குடிக்கும் கறுப்பு. அதை மென்கம்பிச் சக்கரத்தாலோ, எண்ணெய் நீக்கிய நான்கு பூஜ்ய (மிக மெல்லிய) எஃகுக் கம்பளியாலோ வழித்தெடுத்தால் அடியில் மங்கிய சாம்பல். முதல் தடவை பார்க்கிறவர்கள் இங்கேதான் மனம் உடைவார்கள். அடுத்த சுற்றில் கொஞ்சம் ஆழும், அதற்கடுத்ததில் இன்னும். ஆறேழு சுற்றுக்குக் குறைந்து முடிப்பதில்லை.

உங்கள் குழலில் நிக்கல் எஃகு என்றும் புகையிலா மருந்துக்கென்றும் பொறித்திருக்கிறதா? இருந்தால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். நிக்கல் எஃகு எளிதில் துருப்பிடிக்காது, கரைசலோடு மல்லுக்கட்டும்.

கடைசிக் கொதிப்புக்குச் சமையல் சோடா கலந்த நீர். பிறகு சூடு ஆறும் முன் எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் நிறம் இன்னும் ஒரு படி ஆழ்ந்திருக்கும்.

பளபளப்பு

இவ்வளவுக்கும் வெந்நீலத் தொட்டி அரை மணி நேர வேலை.

மழைநாள்

அரை மணி நேர வேலை, அரை மணி நேர வேலை போலவே தெரியும்.

ஆனால் உங்கள் மார்லின்களுக்கு அது பொருத்தம்தான், மறுக்கவில்லை. செம்மண்ணின் 1970களின் 94 பற்றித்தான் எச்சரிக்கை. 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கச் செய்த மாற்றங்களில் ரிசீவரின் உலோகமும் ஒன்று. 1970கள் முடியும் வரை வந்த அந்த ரிசீவர்கள் சாதாரண நீலத்தை ஏற்காது. தொழிற்சாலையில் மேலே இரும்பு முலாம் பூசித்தான் நிறம் ஏற்றினார்கள். அந்த முலாமைச் சக்கரத்தில் தேய்த்து எடுத்துவிட்டு வெந்நீலத்தில் முக்கினால் ஊதாவும் பழுப்புமாக ஏதோ வரும், அல்லது ஒன்றுமே வராது. "1964க்கு முந்தையது" என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கடைக்காரரிடம் இதைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே மற்ற துப்பாக்கிகளைக் கொடுக்கலாமா என்பது தெரிந்துவிடும்.

தச்சன்

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. துப்பாக்கியைக் கெடுப்பதில் பாதி வேலை உப்புத்தாளால்தான் நடக்கிறது, அதுவும் கட்டையில்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது மரம் உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே நிற்கும். ரிசீவரோடு சேரும் இடத்திலும், அடித்தகட்டின் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். மரம் தாழ்ந்து உலோகம் துருத்தினால் யாரோ இழைத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் மரம் இன்னும் உயர்ந்தே இருக்கிறது. அதனால் உப்புத்தாளை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

பள்ளத்தை எடுக்க நீராவி போதும். ஈரத்துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் இரண்டு நொடி அழுத்துங்கள். சீறிக்கொண்டு ஆவி கிளம்பும், நசுங்கிய இழைகள் ஊதி எழும். இழை அறுந்திருந்தால் மட்டும் எழாது. அது வெட்டு, பள்ளமல்ல. வெட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

கறுத்த இடம்தான் முக்கியம், அழகுக்காக அல்ல. ஆண்டுக்கணக்கில் ரிசீவருக்குள் ஊற்றிய எண்ணெய் பின்னால் வடிந்து, கட்டையின் வாயில் ஊறி நிற்கிறது. எண்ணெய் ஊறிய வால்நட் மெத்தென்று ஆகிவிடும். சுடும்போது பின்னுதைப்பு அந்த இடத்தில்தான் இறங்குகிறது, அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். சுண்ணப்பொடியை அசிட்டோனில் குழைத்துத் தடிமனாக அப்புங்கள். காய்ந்ததும் பொடி பழுப்பாகியிருக்கும், அது உறிஞ்சிய எண்ணெய். தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். பொடி வெள்ளையாகவே உதிரும் வரை. வெளியில், காற்றோட்டத்தில் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது.

மேற்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். பழைய வின்செஸ்டர் கட்டைகளில் லேசான செந்நிறம் உண்டு. அதை உரித்துவிட்டுத் தேன் நிறத்தில் புதுப்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய விட்டு அடுத்த பூச்சு. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் மூழ்கடித்து வையுங்கள்.

மார்லின் கட்டையின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு வட்டம் இருக்குமே, அதன் மேலும் உப்புத்தாள் போகக் கூடாது. அது தட்டையாகிவிட்டால் கட்டை இழைக்கப்பட்டது என்று ஊருக்கே சொல்லும்.

வரிசைஎண்

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மெருகேற்றும்போது வரிசை எண் அழிந்தாலோ படிக்க முடியாமல் போனாலோ, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பதே வம்பு. "பாலிஷ் செய்தேன்" என்பது பதிலாகாது. கூலிக்கு இந்த வேலை செய்கிறவருக்குக் கூட்டாட்சி உரிமம் வேண்டும், அதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உரிமம் உள்ளவருக்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம், அவரும் வேலை முடிந்ததும் உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். மாநிலச் சட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 1898 வரை செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டத்தில் தொல்பொருள், உங்களுடையது அதில் வராது. ஆனால் ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டதால் சேகரிப்பாளர் உரிமத்தின் கீழ் வரும்.

தொழிற்சாலைப் பதிவேடு கேட்டு வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு எழுதலாமே என்று யாராவது சொல்வார்கள். 94இல் தொடக்க ஆண்டுகளின் எண்களுக்கு மட்டும்தான் அங்கே பதிவேடு உண்டு. ஒன்பது லட்சத்துக்குக் கிடையாது.

செம்மண்

எல்லோருக்கும் நன்றி. முன்கட்டையைக் கழற்றினேன். துருவேந்தன் ஐயா சொன்னது போலவே கோடு இருக்கிறது. பட்டைக்கு அடியில் ஆழ்ந்த கறுப்பு, வெளியே சாம்பல் நீலம். நிக்கல் எஃகு என்றும் பொறித்திருக்கிறது.

முடிவு: ரிசீவரை எண்ணெய் தொட்ட எஃகுக் கம்பளியால் லேசாகத் துடைத்து மெழுகு போடுவதோடு சரி. குழலுக்குத் துருநீலம், நானே செய்கிறேன். கட்டைக்குத் தச்சன் அண்ணன் வழி. 1970களின் 94ஐத் தொடப் போவதில்லை. மார்லினைப் பளபளப்பு நண்பரின் பாணிக்கு விடுகிறேன், ஆனால் வேறு கடையில். இந்தக் கடைக்காரரிடம் 1964க்குப் பிந்தைய ரிசீவரைப் பற்றிக் கேட்டேன். "எஃகு எல்லாம் ஒன்றுதான்" என்றார்.

இரண்டு சந்தேகம். ஒரு நண்பர், ரிசீவருக்கு வண்ணக் கடினப்பூச்சு செய்துவிடு, கண்ணைப் பறிக்கும் என்கிறார். இன்னொன்று, குழலைக் கொதிக்க வைக்கும் முன் பின்காட்சிக் குறியை எந்தப் பக்கமாகத் தட்டி எடுப்பது?

துருவேந்தன்

நண்பரைத் துப்பாக்கி பக்கமே விடாதீர்கள். கடினப்பூச்சு நிறம் என்பது பூச்சே அல்ல. எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் உலோகத்தைச் செந்தணலாகக் காய்ச்சி, காற்று ஊட்டிய தண்ணீரில் சட்டென்று கொட்டும்போது வருகிற நிறம். ரிசீவர் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பழைய துப்பாக்கிகளை மீட்டெடுக்கும் டர்ன்புல் போன்ற கைதேர்ந்த இடங்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் கார்பைனுக்குத் தொழிற்சாலையில் நீல ரிசீவர்தான், அதனால் எவ்வளவு அழகாக வந்தாலும் பொய்தான். ஊதுகுழல் விளக்கைக் காட்டி அதே நிறத்தை வரவழைக்கிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ரிசீவர் எஃகின் பதம் போய்விடும், அதை வைத்துச் சுடவே கூடாது.

இதே கேள்வியைப் பித்தளை நிறச் சட்டம் கொண்ட பழைய லீவர் துப்பாக்கிகளான ஹென்றிக்கும் வின்செஸ்டர் 1866க்கும் கேட்பவர்கள் உண்டு, "தேய்த்தால் தங்கம் போல வருமே" என்று. அவற்றின் மேல் மெருகுப் பசையைக் கொண்டுபோகிறவரோடு நான் பேசுவதில்லை.

மழைநாள்

காட்சிக் குறி: சுடுகிறவர் நிலையில் பிடித்துப் பார்த்தால் இடமிருந்து வலமாகத் தட்டி எடுங்கள், வலமிருந்து இடமாகத் திரும்ப ஏற்றுங்கள். பித்தளை அல்லது நைலான் முனை. அசையவில்லை என்றால் பலமாக அடிக்காமல், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். எடுக்கும் முன் குழலிலும் குறியின் அடியிலும் சேர்த்து ஊசியால் ஒரு மெல்லிய கீற்று போட்டுக்கொண்டால் பழைய இடத்திலேயே உட்காரும்.

தச்சன்

கீற்றை அடிப்பக்கம் போடச் சொல்லுங்கள். மேலே போட்டால் அடுத்த ஏலத்தில் இன்னொருவர் இங்கே வந்து அதைப் பற்றிக் கேட்பார்.

பளபளப்பு

குதறிய திருகாணித் தலைகளை மறந்துவிட்டீர்கள். புதிது வாங்காதீர்கள், புதிதின் தலை வடிவம் மாறியிருக்கும். பழையதின் மேலெழும்பிய உலோகத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்கி, வெட்டை மெல்லிய அரத்தால் நேராக்கினால் பாதிக்கு மேல் சரியாகும். அதற்கு முன் வெட்டின் அகலத்துக்குச் சரியான, பக்கங்கள் இணையாகத் தீட்டிய திருப்புளிகள் வாங்கிக்கொள்ளுங்கள். மார்லினில் ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவர் வெளியே, போல்ட் பின்னால் வழுக்கி வெளியே, எஜெக்டர் (வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் துண்டு) கையில். 94 அப்படி விடாது. ஒவ்வொரு ஊசியும் ஒரு திருகாணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கழற்றும் வரிசையைப் படம் எடுத்துக்கொண்டே போங்கள்.

செம்மண்

திருப்புளிகளை வாங்கிவிட்டேன். ஈரப்பெட்டிக்குப் பழைய அலமாரி ஒன்று காலியாக இருக்கிறது. முதல் கொதிப்பு முடிந்ததும் படம் போடுகிறேன். சாம்பலாக வந்தால் மனம் உடைய மாட்டேன் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.